வரைபடத்தில் அவள் இல்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் பயிற்சியை முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கால்பட்டையை எப்படி மாட்டுவது, எச்சரிக்கை வந்தால் திரையில் எதைத் தட்டுவது, அறிக்கையை யாருக்கு அனுப்புவது என்பதையெல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது என் தவறு ஒன்றைப் பற்றி.

அமெரிக்காவில் ஹியூஸ்டன் நகரை ஒட்டிய ஒரு கவுன்ட்டியின் கண்காணிப்புப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். மனைவியையோ துணையையோ தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரை ஜாமீனில் விடும்போது, நீதிபதி அவர் காலில் ஒரு ஜிபிஎஸ் பட்டையை மாட்டச் சொல்வார். அந்தப் பெண்ணின் வீட்டையும் வேலையிடத்தையும் சுற்றி வரைபடத்தில் ஒரு தடை வளையம் போடுவோம். அவர் அதற்குள் கால் வைத்தால் எங்கள் அறையில் மணி அடிக்கும். பட்டை போட்டவரின் வேலை அந்த வளையத்துக்கு வெளியே இருப்பது. எங்கள் வேலை, மணி அடிக்கும்போது என்ன செய்வது என்று முடிவு செய்வது.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்ப் பெண்கள் யாராவது வந்தால் "ஸ்டெல்லாவிடம் அனுப்புங்கள்" என்பார்கள். அப்படித்தான் நித்யா என்னிடம் வந்தாள்.

முப்பத்தொரு வயது. சொந்த ஊர் மதுரைப் பக்கம். சுகர் லேண்டில் வீடு, ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நான்கு வயதில் மித்ரா என்று ஒரு மகள். கணவர் சுரேஷ் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். சமையலறையில் அவள் கழுத்தை நெரித்திருக்கிறார். அவள் மயங்கி விழுந்த சத்தத்தில் குழந்தை அழ, பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். என் எதிரே உட்கார்ந்தபோது, அந்தக் கோடைக்காலத்திலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் கேள்விகளைக் கேட்டவரை ஆமாம், இல்லை என்றே பதில் சொன்னாள். நான் தமிழுக்கு மாறியதும் உடைந்து அழுதாள்.

"ஆன்ட்டி, அவர் திரும்ப வந்துட்டா?"

"வர முடியாதும்மா. அவர் கால்ல பட்டை இருக்கு. நாங்க பார்த்துட்டே இருப்போம். நீ நிம்மதியா இரு."

அதில் முதல் வாக்கியம் பொய். பட்டை யாரையும் தடுப்பதில்லை. அது வெறும் மணி. அதை ஆங்கிலத்தில் எத்தனையோ பெண்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். தமிழில் ஒரு பெண் அழுததும் என் வாய் தானாக ஆறுதலுக்குப் போய்விட்டது. நம் மொழியில் பேசுபவர்கள் வரும்போது உங்களுக்கும் இது நடக்கும்.

வளையம் போட வேண்டிய இடங்களைக் கேட்டேன். வீடு, மருத்துவமனை என்றாள். குழந்தையைப் பகலில் விடும் டேகேர்?

"போன வாரம்தான் மாத்தினேன். புது டேகேர் எங்கன்னு அவருக்குத் தெரியாது ஆன்ட்டி."

வளையங்களின் பட்டியல் சுரேஷ் கையிலும் போய்ச் சேரும். எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று ஒருவருக்குச் சொல்லாமல் அவரைத் தடுக்க முடியாது. டேகேரைப் பட்டியலில் சேர்த்தால் முகவரியை நாமே அவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகும். இருவரும் யோசித்து, சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். முகவரியை என் குறிப்பில் மட்டும் எழுதிவைத்தேன். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் தவறு அங்கே இல்லை.

தவறு ஃப்ரீவேயில் ஆரம்பித்தது. சுரேஷ் ஒரு நண்பரின் அப்பார்ட்மென்ட்டில் தங்கியிருந்தார். அவர் அலுவலகத்துக்குப் போகும் நெடுஞ்சாலை, அந்த ஃப்ரீவே, மருத்துவமனை வளையத்தின் ஓரத்தை லேசாக உரசிக்கொண்டு போகும். தினமும் காலை ஏழே முக்காலுக்கு மணி அடிக்கும். கார் ஒரு நிமிடத்தில் வளையத்தைத் தாண்டிவிடும், மணி நின்றுவிடும். நித்யாவின் போனிலும் நாங்கள் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தோம். அவர் நெருங்கினால் அது அவளை எச்சரிக்கும். அவள் இருக்கும் இடத்தையும் எங்கள் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும்.

மூன்றாவது வாரம் அவள் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, டெய்லி இதே கதைதான். சாம்பிள் கையில வெச்சிருக்கும்போது போன் அலறுது. எனக்கு உடம்பே நடுங்குது. பார்த்தா அவர் ஃப்ரீவேல ஆபீஸ் போயிட்டிருக்காரு. லேப்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

முறையாகச் செய்ய வேண்டியது என்ன? வளையத்தின் அந்த ஓரத்தைத் திருத்த நீதிபதியிடம் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆகும், நான்கு பேர் பின்னால் அலைய வேண்டும். நான் குறுக்கு வழியில் போனேன்.

"அந்த ஆப்பை ஆஃப் பண்ணிடும்மா. அவர் வளையத்துக்குள்ள எங்கயாவது நின்னா நானே உன்னைக் கூப்பிடறேன்."

"நிஜமாவா ஆன்ட்டி? ரொம்ப தேங்க்ஸ்."

அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்கு அன்று முழுவதும் இனித்தது. மேலதிகாரியிடம் இதை நான் சொல்லவில்லை.

அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பல வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். "அவன் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறான்," "அவன் வீட்டில்தான் இருக்கிறான்" என்று நாங்கள் யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அவள் எங்கே?" புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பட்டை அவன் காலில்தானே, அவளை ஏன் தேட வேண்டும் என்று தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் பெரிய புயல்மழை வந்தது. ஹியூஸ்டன் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்தால் பகல் பகலாக இருக்காது. சிக்னல் போய்விட்டது என்ற எச்சரிக்கைகள் திரை முழுக்கக் கொட்டின. இடி மழையில் இது வழக்கம்தான். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது விதி. பொறுத்தோம். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

சுரேஷின் புள்ளி வரவில்லை.

மழைதான், வந்துவிடும் என்று அடுத்ததைப் பார்க்கப் போனேன். பிறகு ஒன்று உறைத்தது. அவருக்கு அரை மைல் தள்ளி வேறு ஒருவர் பட்டையோடு இருந்தார். அவர் புள்ளி எப்போதோ திரும்பியிருந்தது. ஒரே வானத்தின் கீழே ஒருவருக்கு மட்டும் எப்படிச் சிக்னல் வராமல் போகும்? சுரேஷ் கடைசியாகத் தெரிந்த இடத்தைப் பெரிதாக்கினேன். ஒரு கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடம். எந்த வளையத்திலும் அது இல்லை. ஆனால் தெருப் பெயரை எங்கேயோ பார்த்திருந்தேன். என் குறிப்பைத் திறந்தேன். மித்ராவின் டேகேர் அதற்கு அடுத்த கட்டடம்.

விதிப்படி முதலில் பட்டை போட்டவரைக் கூப்பிட வேண்டும். நான் நித்யாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. லேபுக்குப் போன் அடித்தேன். உடன் வேலை செய்யும் பெண் சொன்னாள்: "புயல் எச்சரிக்கையால் பிள்ளைகளைச் சீக்கிரம் அழைத்துப்போகச் சொல்லி டேகேரிலிருந்து செய்தி வந்தது. அவள் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகிறது."

மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். சுருக்கமாகச் சொன்னேன்.

"அவள் எங்கே?" என்றார்.

"தெரியாது. ஆப்பை ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. "சரி, நீ டேகேரைப் பிடி. எனக்குப் போலீஸ் லைனைக் கொடு," என்றார்.

போலீஸ் லைனில் இருந்தவர் கேட்டது எனக்கும் கேட்டது. "அவர் தடை வளையத்தை மீறிவிட்டாரா?" அந்த நொடியில் 'ஆமாம்' என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பட்டையை அறுத்துவிட்டார், கையில் ஆயுதம் இருக்கிறது என்று ஏதாவது சொன்னால் பறந்து வருவார்கள். மேலதிகாரி அப்படிச் சொல்லவில்லை. "இல்லை. அந்த இடம் வளையத்தில் கிடையாது. ஆனால் மனைவியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. சிக்னலை அவரே மறைத்திருக்கலாம் என்று நினைக்கிறோம். மனைவி அங்கே வந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள்," என்றார். அவசரத்தில் நாம் கூட்டிச் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குள் நுழைவார். இதை மறந்துவிடாதீர்கள்.

டேகேரை நடத்துபவர் டெனிஸ் என்ற அம்மாள். அறுபது வயது இருக்கும். நான் யார் என்று சொல்லி, கதவைப் பூட்டச் சொன்னேன், குழந்தைகளை உள்ளறைக்கு மாற்றச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்தார். பிறகு கேட்டார்: "நித்யா வந்தால் என்ன செய்வது? அவள் காரை விட்டு இறங்குவாளே?"

"இறங்க விடாதீர்கள். அடுத்த போக்குவரத்து விளக்கைத் தாண்டினால் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. நேராக அங்கே போகச் சொல்லுங்கள். என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்."

டெனிஸ் அம்மாள் உதவியாளரைக் குழந்தைகளோடு விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, கதவை வெளியிலிருந்து பூட்டி, போனைக் காதில் வைத்தபடியே மழையில் இறங்கி வாசல் ரோட்டில் போய் நின்றார். அப்படிச் செய்யும்படி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியுமிருக்காது. மழைச் சத்தமும் அவர் மூச்சும்தான் எனக்குக் கேட்டன. பிறகு, "நீல நிறக் கார். அவள்தான்," என்றார்.

அரை நிமிடத்தில் என் இன்னொரு போன் அடித்தது.

"ஆன்ட்டி, என்ன ஆன்ட்டி இது? மிஸ் டெனிஸ் நிக்காத, போ போன்னு கத்தறாங்க. பாப்பா உள்ள இருக்கா!"

"நித்யா, சுரேஷ் பக்கத்துக் கடை பார்க்கிங்ல இருக்கலாம். அவர் பட்டையோட சிக்னல் கிடைக்கல. நீ இறங்காதே. டிராஃபிக் லைட் தாண்டி ஃபயர் ஸ்டேஷனுக்குப் போ."

"பாப்பாவை விட்டுட்டா? எப்படிப் போவேன் ஆன்ட்டி?"

"கதவு பூட்டியிருக்கு. பாப்பா உள் ரூம்ல இருக்கா. போலீஸ் வந்துட்டிருக்கு."

"அன்னைக்கும் இப்படித்தான் நிம்மதியா இருன்னு சொன்னீங்க."

நியாயமான அடி.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. இன்னைக்கு நிம்மதியா இருன்னு சொல்லல. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். கதவு பூட்டியிருக்கு. போலீஸ் எத்தனை நிமிஷத்துல வரும்னு எனக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியது நீ. நீ இறங்கினா அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தா எல்லாருக்கும் ஆபத்து. போ."

அவள் அழுவது கேட்டது. வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம் ஏறியது. தன் குழந்தை இருக்கும் கட்டடத்தைத் தாண்டி அவள் போனாள்.

டெனிஸ் அம்மாள் திரும்பி நடந்தபோது, கடை வளாகத்திலிருந்து ஒருவர் நனைந்தபடி வேகமாக வருவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே நுழைந்து மறுபடி பூட்டைத் திருப்பவும் அவர் கதவைப் பிடிக்கவும் சரியாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டே, தான் மித்ராவின் அப்பா என்றும், புயல் என்பதால் கூட்டிப்போக வந்ததாகவும் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். டெனிஸ் அம்மாள் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. கதவைக் கையால் குத்த ஆரம்பித்த நேரத்தில் போலீஸ் வந்துவிட்டது.

சிக்னல் வெளியே போகாதபடி பட்டையின் மேல் எதையோ இறுக்கிச் சுற்றியிருந்தார். காரின் பின்னிருக்கையில் புத்தம்புது குழந்தை சீட் ஒன்று, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பையில் மித்ராவின் அளவுக்கு உடுப்புகள்.

அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது நீ என்று நித்யாவிடம் அடித்துச் சொன்னேனே, அது தவறு. அவர் வந்தது குழந்தைக்காக. நான் அவளைப் போகச் சொன்ன முடிவு சரியாகப் போனது, ஆனால் அதற்கு நான் சொன்ன காரணம் சரியில்லை. பூட்டிய கதவும், அதன் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் உறுதியும்தான் காப்பாற்றின. ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகித்து முடிவெடுக்காதீர்கள். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். ஊகம் தப்பினாலும் பூட்டு தாங்கும்.

டேகேர் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது? இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவர், சந்திரன் அங்கிள் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெரியவர், கொடுத்திருக்கிறார். அவருடைய பேத்தியும் அதே டேகேர். மறுநாள் எனக்குப் போன் பண்ணினார்.

"பொண்ணுக்கு ஒரு பர்த்டே கிஃப்ட் குடுக்கணும்னு கண்ணு கலங்கிக் கேட்டான்மா. பெத்த அப்பன்தானே. எப்படியாவது ரெண்டு பேரும் சேர்ந்துட்டா நல்லதுன்னு நினைச்சேன். நான் ஒண்ணும் கெட்டது நினைக்கலையே."

"நீங்க கெட்டது நினைக்கல அங்கிள்," என்றேன். "ஆனா அவளைக் கேட்காம குடுத்துட்டீங்க."

பிறகு தானாகவே வந்து வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அவரை நான் வெறுக்கவில்லை. நானும் அவரைப் போலத்தான் நல்லது நினைத்து ஆப்பை ஆஃப் பண்ணச் சொன்னேன். நம்மவர்கள் வழக்கில் பட்டை ஒருவர் காலில்தான் இருக்கும், சேதி கொண்டு போகும் கால்கள் பத்து இருக்கும். அந்தப் பத்துப் பேர் யார் என்று முதல் நாளே அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

ஆப்பை அணைக்கச் சொன்னதையும் என் அறிக்கையில் எழுதினேன். அனுப்பும் முன் மேலதிகாரியிடம் காட்டினேன். படித்துவிட்டு, ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு எழுத்துமூலம் கண்டிப்பு வந்தது. அதை நான் கிழித்துப் போடவில்லை. ஃப்ரீவே ஓரத்தைத் திருத்தும் மனுவை அந்த வாரமே போட்டேன். வேறு சிலருக்கும் அதே தொந்தரவு இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சுரேஷின் ஜாமீன் ரத்தானது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்.

அந்த மாலையைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. வேலை முடிந்ததும் நான் தீயணைப்பு நிலையத்துக்கு டிரைவ் பண்ணிப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. நித்யா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட் தோளில் கிடந்தது. என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டு அவள் பாரத்தைக் கூட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போலீஸ் காரில் டெனிஸ் அம்மாளும் மித்ராவும் வந்து இறங்கினார்கள். நித்யா ஓடிப்போய் மண்டியிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டாள். மித்ரா அழவில்லை. அம்மாவின் பிடியிலிருந்து முகத்தை மட்டும் விலக்கிக்கொண்டு சொன்னாள்:

"மம்மி, ஐ சா யுவர் கார். யூ டிட்ன்ட் ஸ்டாப்."

உள்ளறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டாம். அதன் வழியாக வாசல் ரோட்டைப் பார்த்திருக்கிறாள்.

டெனிஸ் அம்மாள் தரையைப் பார்த்தார். எனக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்போல நாக்கு துடித்தது. மழையில் அம்மாவுக்குத் தெரியலடா, அது வேற கார்டா என்று எத்தனையோ இருக்கிறது சொல்ல.

நித்யா குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடா. மம்மி நிக்கல. நிக்கணும்னுதான் இருந்துச்சு. நின்னா உனக்கு ஆபத்துன்னு நிக்காம போனேன்."

"நெக்ஸ்ட் டைம் வில் யூ ஸ்டாப்?"

"தெரியலடா," என்றாள் நித்யா. "ஆனா நிக்காம போனாலும் உன்னைத் தேடி வருவேன். இன்னைக்கு வந்தேன்ல?"

மித்ரா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "ஓகே," என்று சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.